வாழ்த்துவோர்: அன்புத் தம்பி ஹெல்முட்

ஹெல்லன்பெக்கில் நடப்பதெல்லாம் வியாழக்கிழமைக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனாலும் வியாழன் காலையில் ‘ஹெல்லன்பெக்கர் போட்டெ’ வாரப்பத்திரிகை தபால்பெட்டியில் விழாவிட்டால் ஊர் அல்லாடிப்போகும். செய்தி அறிய அல்ல. தங்களுக்குத் தெரிந்ததைப் பத்திரிகைக்காரர் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க. பன்னிரண்டு பக்கங்கள். முயல் வளர்ப்போர் சங்கத்தின் பொதுக்கூட்டம், மஞ்சள் குப்பைப்பை எடுக்கும் நாள், தீயணைப்புப் படைக்கு வந்த புது ஏணி, காணாமற்போன ஆமை. கடைசிப் பக்கத்தில் குடும்ப அறிவித்தல்கள். ஊரில் பாதிப்பேர் பத்திரிகையைப் பின்னாலிருந்துதான் திறப்பார்கள்.

அந்தக் கடைசிப் பக்கம் ஐந்து மாதமும் மூன்று கிழமையுமாகச் சிசிலியின் கையில் இருந்தது.

சிசிலிக்கு ஐம்பத்திரண்டு வயது. மன்னாரில் பேசாலை. இருபத்துமூன்று வயதில் இன்னாசித்தம்பியைக் கல்யாணம் முடித்து ஜெர்மனிக்கு வந்தாள். இன்னாசித்தம்பி அவளுக்குப் பத்து வருடம் முந்தி பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் இறங்கி, அங்கே இங்கே அலைந்து, ஹெல்லன்பெக்கில் பாண் சுடும் தொழிற்சாலையில் நிலைகொண்டவர். சிசிலி பதினேழு வருடம் முதியோர் இல்லத்துச் சமையலறையில் அண்டா தூக்கினாள். பிறகு வலது தோள் இனி ஏலாது என்று சொல்லிவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகம் அலுவலக வேலை படிக்க அனுப்பியது. வகுப்பில் மற்றவர்களுக்கு வயது இருபது, இருபத்தொன்று. அவர்களுடைய காதல் சண்டைகளையும் தீர்த்துக்கொண்டு, இரண்டு வருடத்தில் சான்றிதழோடு வெளியே வந்தாள்.

நாற்பத்தொரு விண்ணப்பம் போட்டாள். ‘போட்டெ’யிலிருந்து மட்டும் கூப்பிட்டார்கள். பத்திரிகை ஆசிரியர் ஃபிராவ், அதாவது திருமதி, டீக்மன் கேட்டது ஒரே கேள்வி: “இந்த ஊரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” சிசிலி நாற்பது நிமிடம் சொன்னாள். யார் யாருக்கு ஒன்றுவிட்ட சகோதரம், எந்த மருமகள் மாமியாரைப் பார்க்க ஞாயிறுகளில் வருவாள், எந்த மகன் நத்தார் பண்டிகைக்கு மட்டும் வருவான். பதினேழு வருடம் சாப்பாட்டு வண்டில் தள்ளியவளுக்குத் தெரியாத குடும்பம் ஏது? ஃபிராவ் டீக்மன் குறிப்பெழுதுவதை இடையில் நிறுத்திவிட்டார். அடுத்த திங்களே வேலை.

ஆனால் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிய ஃபிராவ் டீக்மன் நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் சிசிலி வீட்டுக்கு. ஐம்பத்திரண்டு வயதில், ஒரு தோளோடு, நாற்பத்திரண்டாவது விண்ணப்பம்.

ஆறு மாதம் முடியப் பத்து நாள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை, அன்கே என்ற பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அம்மா கீஸெலாவுக்குச் சனிக்கிழமை எண்பது வயது; கடைசிப் பக்கத்தில் ஒரு வாழ்த்துப் போடவேண்டும். காரை நடைபாதையில் ஏற்றி விட்டிருந்தாள். அதனால் பேச்சு சிசிலியோடு, கண் யன்னலோடு.

அவர்கள் பேசியது ஜெர்மன்தான். ஆனால் சிசிலி வீட்டுக்குப் போய்ச் சொல்லும்போது ஊர் முழுவதும் பேசாலைக்காரராகிவிடும். இங்கேயும் அப்படியே வருகிறது.

அன்கே நீட்டிய துண்டில் இவ்வளவுதான் இருந்தது: “கீஸெலாவுக்கு எண்பது. வாழ்த்துகிறோம். குடும்பத்தினர்.”

சிசிலி துண்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை. ஆமை காணாமற்போன அறிவித்தலே இதைவிட நீளம்.

“ஆர் ஆர் வாழ்த்துறீங்கள்?”

“குடும்பம்தான்.”

“குடும்பம் எண்டால் ஆர்? பேரைச் சொல்லுங்கோ.”

அன்கே சிரித்தாள். இப்படி ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. தன் பெயர், புருஷன் பெயர், காஸெலில் படிக்கிற பிள்ளைகள், மயோர்க்காத் தீவில் குடியேறிவிட்ட அம்மாவின் மச்சாள் என்று சொல்லச் சொல்லச் சிசிலி எழுதினாள்.

“அம்மாவுக்குச் சகோதரங்கள்?”

“ஹெல்முட் எண்டு ஒருத்தர் இருக்கிறார்,” என்ற அன்கே கண்ணை முகட்டுக்கு உருட்டினாள். உருட்டிய கண் இறங்கி வரும்போது வெளியே தண்டச்சீட்டு எழுதுகிறவர் வருவதைக் கண்டது. “ஐயோ! எல்லாரையும் போடுங்கோ, போடுங்கோ, நான் ஓடுறன்!”

அந்தக் கண் உருட்டல் சிசிலிக்கு விளங்காமல் இல்லை. இன்னாசித்தம்பியின் அக்கா மகாதேவியின் பேச்சு வந்தால் அவளுடைய கண்ணும் அதே முகட்டுக்குத்தான் போகும். அதாவது சண்டை. ஆனால் சண்டை என்பதற்காக அறிவித்தலில் பெயரை விடுவதா? மகள் கிறிஸ்ரினா தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கியபோது போட்ட வாழ்த்தில், இடம் போதாமல் மகாதேவியின் பெயர் விடுபட்டுப்போக, மூன்று வருடம் நத்தாருக்கும் போன் இல்லை. ஊன்ட்றொப்பில் தெரிந்தவர்கள் வீட்டில் கண்டபோது, “நாங்கள் ஆர், கூட்டத்தோட கூட்டம்,” என்று ஒரு வார்த்தை. சண்டைக்காரரின் பெயரைத்தான் முதலில் போடவேண்டும். அதோடு ஹெல்முட் அன்கேக்குத் தாய்மாமன். தாய்மாமனைக் கீழே போடுகிற அறிவித்தலை சிசிலி பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை.

ஆகவே ஹெல்முட்டின் முழுப்பெயரையும் முகவரியையும் சந்தாதாரர் பட்டியலில் தேடி எடுத்து எழுதினாள். அவள் ஜெர்மனில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“எண்பதாவது அகவையில் கால்பதிக்கும் எங்கள் கீஸெலாவை அன்புத் தம்பி ஹெல்முட் வெல்மன் (ஹெல்லன்பெக்), பாசமிகு மகள் அன்கே, மருமகன் யூர்கன் (ஹெல்லன்பெக்), பேரப்பிள்ளைகள் (காஸெல்), மச்சாள் றெனாற்ற (மயோர்க்கா) ஆகியோர் நீடூழி வாழ்க என வாழ்த்துகின்றனர்.”

விதிப்படி அதைப் படமெடுத்து அன்கேயின் போனுக்கு அனுப்பினாள். அரை நிமிடத்தில் ஒரு கட்டைவிரல் திரும்பி வந்தது. தண்டச்சீட்டு எழுதியவருக்கும் அதே விரலைக் காட்டியிருப்பாளோ என்னவோ, அன்கே படத்தைத் திறந்து பார்க்கவில்லை. ஃபிராவ் டீக்மன் புது ஏணியில் ஏறி ஊரைப் படமெடுக்கப் போயிருந்தார். செவ்வாய் நண்பகல் பன்னிரண்டுக்குப் பக்கம் அச்சுக்குப் போனது.

வியாழன் காலை எட்டு ஐந்துக்கு முதல் அழைப்பு.

“உங்களுக்கு விசரே?” என்றாள் அன்கே. “அம்மாவும் மாமாவும் கதைச்சு இருபத்திரண்டு வருசம்!”

காரணத்தைச் சிசிலி பேக்கரியில் நின்றபடி பத்து நிமிடத்தில் அறிந்துகொண்டாள். தாய் செத்தபோது வீட்டில் ஓர் ஓக் மர அலுமாரி இருந்தது. ஆளுக்குப் பாதி என்று உயில். ஹெல்முட் கூரை வேலைக்காரர். கையில் எப்போதும் மரம் அறுக்கிற வாள். அலுமாரியை நடுவால் அறுத்து அக்காவின் பாதியை அவள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். “பாதி எண்டால் பாதிதானே,” என்பது அவர் வாதம். ஒரு கதவோடு நின்ற அந்தப் பாதியைப் பார்த்துவிட்டு உள்ளே போன கீஸெலா பிறகு அவரோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபிராவ் டீக்மன் சிசிலியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தாமலே விட்டிருக்கலாம், அந்த அலுவலகத்தில் இருந்ததே அவர்கள் இருவரும்தான்.

“ஹெல்முட் வெல்மன் போன் எடுத்தவர். கேக்காமல் தன்ர பேரைப் போட்டதாம். டாட்டன்ஷுட்ஸ், சொந்த விபரங்களுக்குப் பாதுகாப்பு எண்டு எழுத்தில முறைப்பாடு குடுக்கப் போறாராம். செவ்வாய் பதினொரு மணிக்கு டெர்மின் கேட்டவர், குடுத்திட்டன்.”

சண்டைக்கும் முன்கூட்டியே நேரம் குறித்து, டெர்மின் எடுத்துக்கொண்டு வருகிற நாடு.

“சிசிலி, எனக்கு உங்களை வைச்சிருக்கத்தான் விருப்பம். கடைசிப் பக்கத்துக்கு இவ்வளவு போன் வந்ததே இல்லை. ஆனா முறைப்பாடு வந்தால் மேலிடம் விடாது. என்னால கையெழுத்துப் போட ஏலாது. அவர் முறைப்பாடு இல்லாமல் போனால் போடுவன்.”

“அவர் எங்களிட்ட வேற என்ன கேக்கலாம்?”

“திருத்தம் கேக்கலாம். அதே இடத்தில, அதே அளவில, அதே எழுத்தில போடவேணும். அதோட திருப்தி எண்டு அவர் எழுதித் தந்தால் விசயம் முடிஞ்சுது.”

வீட்டில் இன்னாசித்தம்பி கதையை முழுக்கக் கேட்டுவிட்டுக் கால்மணி நேரம் சிரித்தார்.

“உமக்கு எத்தினை தரம் சொன்னனான், வெள்ளைக்காரர் வீட்டுச் சொந்தத்தை நீர் எண்ணாதையும் எண்டு!”

“இஞ்சருங்கோப்பா, சிரிக்கிற நேரமே இது? வேலை போகப் போகுது.”

“போகாது. போனால் பாண் கொம்பனிக்கு வாரும். அங்க பாணுக்குச் சொந்தக்காரர் இல்லை.”

“உங்கட அக்காவின்ர பேரை அண்டைக்கு நீங்கள் விடாமல் இருந்திருந்தால் எனக்கு இந்தப் பழக்கமே வந்திராது!” என்றாள் சிசிலி. இன்னாசித்தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, பதினொரு மணிக்கேதான், ஹெல்முட் வந்தார். வயது எழுபத்தேழு. மழைச்சட்டை. கையில் பிளாஸ்ரிக் உறைக்குள் அந்த வியாழக்கிழமைப் பத்திரிகை. ஃபிராவ் டீக்மன் பக்கத்து மேசையில் அவசர வேலை இருப்பவர்போலக் கணினியைத் தட்டத் தொடங்கினார். அன்றும் பக்கம் போகவேண்டிய நேரம் பன்னிரண்டு.

“சனிக்கிழமையிலிருந்து நான் வெளியில போக ஏலாமல் கிடக்கு,” என்றார் ஹெல்முட், இருக்காமலே. “மூண்டு பேர் கேட்டவை, கேக் எப்பிடி எண்டு. ஒருத்தன் கேட்டான், அக்காவுக்கு என்ன குடுத்தனி எண்டு. நான் என்ன சொல்லுறது?”

“இருங்கோ, ஹெர் வெல்மன். திருத்தம் போடுவம். என்ன பிழை எண்டு சொல்லுங்கோ, நான் எழுதுறன்.”

“முழுக்கப் பிழை.”

“முழுக்க எண்டு எழுத ஏலாது. ஒண்டொண்டாச் சொல்லவேணும். நீங்கள் அவவின்ர தம்பியோ?”

“தம்பிதான்.”

“அப்ப அது சரி. அன்பு?”

“அதை ஆர் போட்டது?”

“நான்தான். எங்கட ஆக்களில தம்பிக்கு முன்னால அது தானா வந்திடும், கடிதத்தில ‘நலம்’ எழுதிற மாதிரி. பிழை எண்டால் எடுக்கலாம்.” சிசிலி எழுதி வாசித்தாள். “‘ஹெல்முட் வெல்மன் கீஸெலாவின் தம்பி. அன்புத் தம்பி அல்ல.’ சரியோ?”

ஹெல்முட் கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். இருந்தார்.

“இதை ஆக்கள் வாசிப்பினமோ?”

“இதைத்தான் முதல் வாசிப்பினம்.”

“விடுங்கோ. அடுத்ததுக்கு வாங்கோ.”

“வாழ்த்தினது. நீங்கள் வாழ்த்தேல்லை.”

“இல்லை!”

“அப்ப: ‘தன் அக்காவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஹெல்முட் வெல்மன் வாழ்த்துச் சொல்லவில்லை, சொல்லும்படி எவரையும் கேட்கவுமில்லை.’ அதே பெட்டி, அதே எழுத்து. சுத்தவரப் பூவும் வரும்.”

“பூவோ?”

“போனமுறை பூ இருந்தது. அதே மாதிரித்தான் போடவேணுமாம்.”

பக்கத்து மேசையில் தட்டல் நின்றது. ஃபிராவ் டீக்மன் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் இலேசாகக் குலுங்கியது.

“நீங்கள் என்னைக் கெட்டவனாக் காட்டுறீங்கள்,” என்றார் ஹெல்முட்.

“நான் காட்டேல்லை, ஹெர் வெல்மன். நீங்கள் சொன்னதைத்தான் எழுதுறன்.”

இந்த மனிதர் எழுந்து, மழைச்சட்டைக்குள்ளிருந்து முறைப்பாட்டை எடுத்து மேசையில் வைத்தால் கதை முடிந்தது. மணி பதினொன்று இருபத்தைந்து.

ஹெல்முட் எழவில்லை. பிளாஸ்ரிக் உறைக்கு மேலால் ஒரு விரலை வைத்தார். கூரையில் ஆணி அடித்துத் தட்டையாகிப்போன விரல்.

“பெரிய பிழை இஞ்ச கிடக்கு. அடைப்புக்குறிக்குள்ள. ஹெல்லன்பெக் எண்டு போட்டிருக்கிறீங்கள். நான் ஹெல்லன்பெக் இல்லை.”

“மலைவீதிதானே? தபால் இலக்கம்கூட...”

“ஓபர்ஹெல்லன்பெக்!”

மேட்டில் முந்நூறு பேர் வாழ்கிற சிற்றூர் அது. அரைநூற்றாண்டுக்கு முன் அரசாங்கம் ஒரு தாளில் அதைக் கீழே இருக்கும் ஹெல்லன்பெக்கோடு சேர்த்துவிட்டது. கீழே இருப்பவர்கள் அதை மறந்துபோனார்கள். மேலே ஒருவரும் மறக்கவில்லை. சிசிலி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பேசாலை ஆளை மன்னார் ரவுண் என்று போட்டிருந்தால் அவளுடைய அப்பாவும் இப்படித்தான் வந்து நின்றிருப்பார்.

“இது என்ர பிழைதான்,” என்றாள், முழு மனதோடு. “இதைக் கட்டாயம் திருத்தவேணும்.”

அந்த அலுவலகத்துக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாக ஹெல்முட்டின் முகம் இளகியது. “எழுதுங்கோ. ‘ஹெல்முட் வெல்மன் ஹெல்லன்பெக் அல்ல, ஓபர்ஹெல்லன்பெக்.’ கீழ இன்னொரு வரி. ‘அவரும் அக்கா கீஸெலாவும் ஓபர்ஹெல்லன்பெக்கில் பிறந்தவர்கள்.’ அவள் கீழ கல்யாணம் முடிச்சுப் போனதால எல்லாரும் அவளைக் கீழ ஆள் எண்டு நினைக்கினம்.”

சிசிலியின் பேனை நின்றது.

“உங்களைப் பற்றி எழுதலாம். அவவைப் பற்றி எழுத ஏலாது.”

“ஏன்?”

“டாட்டன்ஷுட்ஸ்.”

ஹெல்முட் மழைச்சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார்.

“எங்க பிறந்தவ எண்டது அவவின்ர சொந்த விபரம். அவ ஓம் எண்டு சொல்லவேணும்.”

“அப்ப போன் அடிச்சுக் கேளுங்கோ.”

“நான் கேக்க ஏலாது. இது உங்கட திருத்தம். நீங்கள்தான் கேக்கவேணும்.”

அப்படியொரு விதி உண்டா என்பதில் ஃபிராவ் டீக்மனுக்கே சந்தேகம். அவர் இருமினார், அவ்வளவுதான். சிசிலி போனை மேசைக்குக் குறுக்கே தள்ளினாள்.

“நம்பர் தேடித் தரட்டோ?”

“தேவையில்லை,” என்றார் ஹெல்முட். எண்களை ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணாடி இல்லாமலே அழுத்தினார்.

“கீஸெலா. நான்தான்... ஹெல்முட்... எந்த ஹெல்முட் எண்டு கேட்டால்? எத்தினை ஹெல்முட் உனக்கு?... இல்லை, பத்திரிகைக் கந்தோரில நிக்கிறன். நீயும் நானும் ஓபர்ஹெல்லன்பெக் எண்டு போட உனக்குச் சம்மதமோ?... ஏன் கேக்கிறன் எண்டால், சட்டம்!... ஊரைச் சேர்த்தது ஜனவரியில... இல்லை, யூலை இல்லை, ஜனவரி! பனி கிடந்தது. அப்பா கறுப்புக் கொடி ஏத்தினவர்... கொடி இல்லையோ? பின்ன என்ன அது?... அம்மான்ர பாவாடையோ?”

இங்கே அவர் சிரித்துவிட்டார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

“அதை இப்ப ஏன் எடுக்கிறாய்? நான் அலுமாரி கதைக்க எடுக்கேல்லை... சரி. சரி. கோணலா அறுத்தனான்தான். ஓம், ஓம், உன்ர பக்கம் ரெண்டு சென்ரிமீற்றர் குறைவு. எனக்கும் தெரியும்... அண்டைக்கே தெரியும்!”

பதினொரு நிமிடம். சிசிலி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்தாள். ஹெல்முட் போனை வைத்தபோது மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

“போடட்டாம்,” என்றார்.

“ரெண்டு பேரையும்?”

“ஓம்.” உறைக்குள் பத்திரிகையைச் சரிசெய்தார். “கேக் கொஞ்சம் மிஞ்சிக் கிடக்காம். நாலு நாள் கேக். காய்ஞ்சு போயிருக்கும்.”

“வாழ்த்தினதைப் பற்றி என்ன போடுவம்?”

“அதைப் பற்றி ஒண்டும் போடத் தேவையில்லை,” என்றார் அவர், யாரோ வேறொருவரின் அற்ப விடயம்போல. “இடம்தான் முக்கியம்.”

இத்துடன் திருப்தி என்ற வரிக்குக் கீழே தேதியும் நேரமும் இட்டுக் கையெழுத்து வைத்தார். வாசலில் நின்று, “பூவைச் சின்னதாப் போட ஏலாதோ?” என்று கேட்டார். ஏலாது என்றாள் சிசிலி. போய்விட்டார்.

ஃபிராவ் டீக்மன் மேசை லாச்சியைத் திறந்து நாலு பக்கத் தாளை எடுத்தார். நிரந்தர ஒப்பந்தம். மூன்றாம் பக்கத்தில் பேனையால் ஒரு வரி புதிதாக எழுதியிருந்தது: வாடிக்கையாளர் வாழ்த்தச் சொல்லாத உறவினரை ஊழியர் தாமாகச் சேர்க்கக்கூடாது.

“வாசிச்சிட்டுப் போடுங்கோ,” என்றார்.

“வாழ்த்தச் சொன்ன உறவினரை?”

“அவை சொன்ன ஒழுங்கில.”

“தாய்மாமன் எண்டாலும்?”

“சிசிலி! மணி பதினொண்டு அம்பத்தாறு!”

சிசிலி ஒப்பந்தத்தில் ஒரு கையால் கையெழுத்துப் போட்டு, மறுகையால் திருத்தத்தைப் பூவுக்கு நடுவில் இறக்கினாள். பன்னிரண்டு அடிக்கப் பக்கம் போனது. கதிரையில் சாய்ந்து வலது தோளைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

“நீங்களோ அந்தக் கடைசிப் பக்கத்துப் பிள்ளை?” ஒரு கிழட்டுக் குரல், கணீரென்று. “நான் கீஸெலா.”

“சொல்லுங்கோ. எண்பதுக்கு வாழ்த்துகள்.”

“அது கிடக்கட்டும். நான் ஓபர்ஹெல்லன்பெக்கில பிறக்கேல்லை. கீழ, ஹெல்லன்பெக் ஆசுப்பத்திரியிலதான் பிறந்தனான். அவன் மட்டும்தான் மேல, வீட்டில பிறந்தவன். அம்மா இதை அவனுக்குச் சொல்லேல்லை, பாவம்.”

“ஐயையோ! அவர் கேக்கேக்க ஓம் எண்டு சொன்னீங்களே!”

“அலுமாரிக் கதையில மறந்துபோனன்.”

“பக்கம் அச்சுக்குப் போட்டுது. அடுத்த கிழமை திருத்தத்துக்கு ஒரு திருத்தம் போடலாம். ஆனா அது அவர் கையெழுத்து வைச்ச திருத்தம். நீங்கள் அவரிட்ட ஒரு சொல்லுக் கேக்கவேணும்.”

மறுமுனையில் தட்டும் கத்தியும் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

“எப்பவுக்குள்ள வேணும்?”

“வாற செவ்வாய், பன்னிரண்டு மணி.”

“அப்ப நேரம் கிடக்கு,” என்றாள் கீஸெலா. “அவன் இப்ப தெருவில வாறான், யன்னலால தெரியுது. முதல் கேக்கைத் தின்னட்டும். பிறகு சொல்லுறன்.”